‘ஆனா’வுக்கு முன்னால் வெட்டிய பேச்சு

நான் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் நிலவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சேலத்திலும் நாமக்கல்லிலுமாகவே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு யாராவது விவசாயிகள் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வருவேன். பேசுவதற்குக் கூலி எதுவும் கிடையாது, மத்தியானச் சாப்பாடும் பழைய முகங்களைப் பார்க்கிற சந்தோஷமும்தான். அப்படி நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசியதை யாரோ கைபேசியில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சில வாரம் கழித்துக் கவிதா எனக்கு ஒரு துண்டுப் படம் அனுப்பினாள். கவிதா என் உத்தியோகத்தின் கடைசி வருடங்களில் எனக்குக் கீழே சேர்ந்த பெண், இப்போது என் நாற்காலியில் இருக்கிறாள். “மேடம், இது நீங்கதானா?” என்று கேட்டிருந்தாள்.

நான்தான். என் முகம், என் குரல். “ஆழமாப் போனா தண்ணி வரும். இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன்.” அத்தோடு என் பேச்சு முடிந்து நாதஸ்வரம் ஒலித்தது. ஆழ்துளை போடுகிற ஒரு ரிக் வண்டி வந்தது, ஒரு கைபேசி எண் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘அரசு நிபுணரே சொல்கிறார்’.

மண்டபத்தில் நான் சொன்னது வேறு. “ஆழமாப் போனா தண்ணி வரும். இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அது யார் கெணத்துலேர்ந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் துளை போடுங்க.” அந்த ‘ஆனா’வுக்கு முன்னால் வெட்டியிருந்தார்கள்.

படத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, நீங்க சொன்னதைத்தானுங்க போட்டிருக்குது. ஒரு வார்த்தை நான் சேத்தியிருந்தாச் சொல்லுங்க, இப்பவே எடுத்துப்போடறேன்.”

“சேர்க்கலைங்க. எடுத்திருக்கீங்க.”

“முழுசாப் போட்டா யாருங்க உக்காந்து பாக்கறாங்க? எல்லாரும் இப்படித்தானுங்க போடறாங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கே அதை நீக்கியும் விட்டார். ஆனால் அதற்குள் அது வாட்ஸ்அப் குழுக்களில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. சிலவற்றில் எண் மாறியிருந்தது, ரிக் வண்டியின் நிறம் மாறியிருந்தது. என் முகம் மட்டும் மாறவில்லை. அதைப் போட்டிருந்த ஒரு வலைத்தளத்தில் புகார் கொடுக்கலாம் என்று போனால், என்ன குறை என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். யாரும் என்னைத் திட்டவில்லை, ஆபாசமாகக் காட்டவில்லை, என் பெயரில் போலிக் கணக்கும் வைத்திருக்கவில்லை. என் வாக்கியத்தில் பாதியைக் காணவில்லை என்று சொல்ல அங்கே வழியே இல்லை. ஏதோ ஒன்றை அமுக்கி அனுப்பினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

விட்டுத்தொலை என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் பெருமாயியக்கா கூப்பிட்டார்.

“ஏனுங் அம்மணி, போனுல நீங்க பேசறத எம் பையன் காமிச்சான். நீங்கதானுங்களா அது?”

“நான்தான்க்கா. ஆனா...”

“அப்பறம் ஏனுங்க அன்னிக்கு எங்கூட்டுக்காரர்கிட்ட வேண்டாம்னு சொன்னீங்க? இன்னிக்கு ஆழமாப் போங்கறீங்க. தண்ணி மாறிப்போச்சா, நீங்க மாறிப்போனீங்களா?”

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

“கோபாலு ரிக்குக்குச் சொல்லிப்போட்டான். இந்த வெள்ளிக்கெழம வண்டி வருது. அந்தம்மாவே சொல்லிப்போட்டாங்க, நீ சும்மா இரும்மாங்கறான். ஒருக்கா வந்துட்டுப் போங்க சாமி.”

பெருமாயியக்கா எனக்கு யார் என்று சொல்ல வேண்டுமானால், என்னை இந்த வேலைக்குத் தயார் செய்த மனிதரிலிருந்து தொடங்க வேண்டும்.

என் ஊர் வாழப்பாடி. அப்பாவுக்குப் பாக்குத் தோப்பு இருந்தது. நிலவியல் படித்துவிட்டு அரசுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தபோது, பாறையைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும், தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை முதல் வாரமே புரிந்துகொண்டேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் நடக்கவில்லை. தேவராஜன் சாரின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததுதான் பயிற்சி.

தேவராஜன் சார் என் மேலதிகாரி. ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டையின் கையை ஒருபோதும் மடித்து விட மாட்டார். டிரைவரிலிருந்து கலெக்டர் வரைக்கும் எல்லோரும் அவருக்கு ‘நீங்க’தான். ஒரு தோட்டத்துக்கு நீரோட்டம் பார்க்கப் போனால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் வேலியோரமாக நிலம் முழுவதும் ஒரு சுற்று நடப்பார். எந்த மரம் பசுமையாக இருக்கிறது, எங்கே பாறை தலைகாட்டுகிறது, பக்கத்துக் கிணறுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்ப்பார். அப்புறம்தான் கருவியை இறக்கச் சொல்வார். அது மின்தடை அளக்கும் பெட்டி. நேர்கோட்டில் நாலு கம்பிகளை மண்ணில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள்கம்பிகளில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க மின்சாரம் ஆழமாக இறங்கும். கெட்டிப் பாறை என்றால் முள் ஒரு மாதிரி நிற்கும், மக்கிய பாறையிலும் வெடிப்பிலும் தண்ணீர் இருந்தால் வேறு மாதிரி நிற்கும். கோடையில் மண் காய்ந்து கிடந்தால் கம்பியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். எங்கள் களப்பணியாளர் மாரியப்பன் சுத்தியலோடு ஓடுவார், நான் முள்ளைப் பார்த்து எண்ணைக் கூவுவேன், சார் எழுதிக்கொள்வார். சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த மாவு வாசனை, சேந்தமங்கலம் பக்கம் போனால் காலை வெயிலில் நீலமாக நிற்கிற கொல்லிமலை, புளியமரத்தடியில் பிரித்த கட்டுச்சோறு, இதெல்லாம் இன்றைக்கும் என் மூக்கிலும் கண்ணிலும் இருக்கின்றன. அவ்வளவு வெயிலில் அலைந்தும் அந்த நாட்களில் நான் சோர்ந்து போனதாக நினைவே இல்லை.

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. முடிவைச் சொல்வதற்கு முன்னால் விவசாயி வீட்டில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்க மாட்டார். “குடிச்சுட்டா ‘இல்லை’ன்னு சொல்ல வாய் வராது செல்வி. சொல்லிட்டுக் குடிச்சா, அவங்களுக்கும் நமக்கும் மனசுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்” என்பார். முடிவைக் கடிதத்தில் அனுப்பிக்கொள்ளலாம் என்று வந்துவிடுவதும் கிடையாது. அந்த இடத்திலேயே நின்று, வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வார். ‘தண்ணி இல்லை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. “இந்த இடத்துல நான் தோண்டச் சொல்ல மாட்டேங்க” என்பதுதான் அவர் சொல்கிற சொல்.

அடுத்தடுத்து மழை பொய்த்த ஒரு காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, புதுச்சத்திரம் வட்டாரம் முழுவதும் அதிநுகர்வுப் பகுதி, அதாவது பெய்கிற மழையால் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுகிற பகுதி, அங்கே புதிய ஆழ்துளைக் கிணறுகளை ஊக்குவிக்கக் கூடாது என்றது. இன்னொன்று, வறட்சி நிவாரணமாகச் சிறு விவசாயிகளுக்கு மானியத்தில் ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுக்க வேண்டும், அதற்கான இடங்களை உடனே தேர்வு செய்ய வேண்டும் என்றது. இரண்டும் நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டவைதான்.

ஆய்வுக் கூட்டத்தில் சார் எழுந்து நின்று கேட்டார்: “ஐயா, இந்த ரெண்டுல எதை முதல்ல செய்யறதுங்க?”

தலைமை வகித்த அதிகாரி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “ரெண்டையும் செய்யுங்க.”

சிலர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவே ஒரு ‘ஆனால்’ இருந்திருக்க வேண்டும், அதை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எனக்கும்தான். பொங்கலுக்கு வாழப்பாடி போனால் என் தம்பி தோப்புக்கு விடியவிடிய மோட்டாரை ஓட விட்டிருப்பான். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், மீட்டர் கிடையாது, நிறுத்துவானேன்? அந்த மின்சாரம் இல்லாவிட்டால் அந்தத் தோப்பை என்றைக்கோ விற்றிருப்போம், அதுவும் உண்மை. என் சம்பளம் ஒரு உத்தரவிலிருந்து வந்தது, என் பிறந்த வீட்டுச் சோறு இன்னொரு உத்தரவிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருப்பது கஷ்டம் என்று படிப்பவர்கள் நினைக்கலாம். கஷ்டமே இல்லை. ‘அடுத்த வருஷம் நல்ல மழை பெய்யும்’ என்று ஒரு வாக்கியம் போதும், இரண்டும் சண்டையில்லாமல் கிடக்கும். அலுவலகத்தில் எங்களில் பலர் அந்த வாக்கியத்தோடுதான் வீட்டுக்குப் போனோம். தேவராஜன் சார் மட்டும் அதைச் சொல்லிக்கொள்ள மறுத்தார். அதனால் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தவர்களில் ஒருவர் புதுச்சத்திரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரைச் சேர்ந்த பழனிசாமி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டிருந்தார், சில மாடுகள் வைத்திருந்தார். அவருடைய திறந்தவெளிக் கிணறு தூர்ந்து வற்றிப் போயிருந்தது. பெருமாயியக்கா அவர் மனைவி.

காலையிலிருந்து கம்பி அடித்தோம். நிலம் முழுவதும் கெட்டிப் பாறை. கிழக்கு மூலையில் மட்டும் முள் அழகாக நின்றது. மாரியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. நானும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். சார் எழுதுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிணறு யாருதுங்க?”

“எங்க அண்ணனுதுங்க. ராமசாமின்னு.”

“தண்ணி இருக்குங்களா அதுல?”

“அதுல இன்னும் கெடக்குதுங்க.”

சார் இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு தரம் நடந்துவிட்டு வந்தார். பெருமாயியக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவர் கையில் மோர்ச்சொம்போடு வந்தார்.

“இந்த இடத்துல நான் தோண்டச் சொல்ல மாட்டேங்க” என்றார் சார்.

பழனிசாமிக்குப் புரியவில்லை. “தண்ணி இருக்குதுன்னு உங்க மிசினே சொல்லுதுங்களே!”

“இருக்குங்க. ஆனா அது உங்க அண்ணன் ஏற்கெனவே எடுத்துட்டிருக்கற தண்ணி. அதே வெடிப்புதான் அங்கேயும் போகுது. நீங்க ஆழமாப் போட்டு இழுத்தா அவர் கிணறு கீழே போயிடும்.”

“கரண்டு அரசாங்கம் சும்மா தருது. போருக்கு மானியம் தருது. எல்லாத்தையும் குடுத்துப்போட்டு, தண்ணிய மட்டும் எடுக்காதேன்னா எப்படிங்க?”

சார் வாயில் அரசாங்க வாக்கியம் ஏதாவது வரும் என்று நான் எதிர்பார்த்தேன். “எனக்கும் அதே கேள்விதாங்க” என்றார். பிறகு கையை நீட்டி மோர்ச்சொம்பை வாங்கிக் குடித்தார். பழனிசாமி எங்களோடு உட்காரவில்லை. ஜீப் கிளம்பும்போது பெருமாயியக்கா மட்டும் வாசல்வரை வந்து, “போயிட்டு வாங்க அம்மணி” என்றார்.

அடுத்த மாதமே பழனிசாமி தனியார் ரிக்கைக் கூப்பிட்டுத் துளை போட்டுவிட்டார். எங்கே போடுவது என்று யாரிடமும் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நாங்கள் கம்பி அடித்த குழி அப்படியே இருந்தது. நாங்கள் சொன்ன ‘வேண்டாம்’ காற்றோடு போய்விட்டது, நாங்கள் காட்டிய இடம் மட்டும் நிலத்தில் நின்றது. சொன்ன சேதியில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் கைபேசி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். ஊரே வந்து பார்த்ததாம். குச்சிக்கிழங்கு அந்த வருடம் அவர் நிலத்தில் மட்டும் பச்சையாக நின்றது.

கோடை முற்றியபோது ராமசாமியின் கிணறு தரை தட்டியது. ஊர்த் தொட்டிக்கு நீர் ஏற்றுகிற குழாய்க் கிணறும் காற்றைக் கக்கத் தொடங்கியது. மனு போனது, எங்களை விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சார் என்னையும் மாரியப்பனையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு நடந்த சோதனையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பழனிசாமியின் மோட்டாரை ஓட விட்டுவிட்டு, அண்ணன் கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரின் மட்டத்தை அளக்க வேண்டும். ஒரு எஃகு டேப்பின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்குவோம். தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் சுண்ணம் கறுத்துவிடும், கிணற்று விளிம்பிலிருந்து கணக்குப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும். டேப்பை நான் பிடித்திருந்தேன். ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு முறையும் டேப்பைத் தூக்கியதும் சார் அதை வாங்கி, தான் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார். கறுத்த இடம் குறைந்துகொண்டே வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. பழனிசாமி கிணற்றோரம் வரவில்லை, தன் மோட்டார்க் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார். பெருமாயியக்கா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

பிறகு மோட்டாரை நிறுத்தச் சொன்னார் சார். எல்லோரும் காத்திருந்தோம். வெயில் சுட்டது. மறுபடி டேப்பை இறக்கினேன். கறுப்பு மெல்ல மேலே ஏறியிருந்தது. மோட்டாரை நிறுத்தினால் அண்ணன் கிணறு ஊறுகிறது.

ராமசாமி கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தபடி, தூரத்தில் நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “ஏன்டா பழனி, தண்ணி வேணும்னா எம்பட கெணத்துல எறச்சுக்கறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

பழனிசாமி உள்ளே போய்விட்டார்.

எங்களுக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம் இருந்தது, நிறுத்துவதற்கு இல்லை. சார் கடுமையாகவே எழுதினார். எதுவும் நடக்கவில்லை. ஊரில் ஒவ்வொருவராக ஆழமாகப் போக ஆரம்பித்தார்கள். சில கோடைகளில் பழனிசாமியின் துளையும் வெறும் புழுதியானது. அவர் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனார். எந்த எந்திரம் தன் ஊரை வற்றடித்ததோ அதிலேயே ஏறி, யாரோ ஒருவருடைய ஊரில் துளை போட்டார். நெஞ்சில் புழுதி சேர்ந்து திரும்பி வந்து, கொஞ்ச காலம் இருந்து இறந்துபோனார்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கண்காணிப்புக் கிணறு ஒன்று இருந்தது. மாதாமாதம் மட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் பெருமாயியக்கா வீட்டில் ஒரு சொம்பு மோர் எனக்கு உண்டு. தேவராஜன் சார் ஓய்வு பெற்ற பிறகும், அவர் காலமான பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. என் கைபேசி எண் அக்காவிடம் இருந்தது அப்படித்தான்.

வியாழக்கிழமை காலையில் கவிதாவும் நானும் அவளுடைய காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் தாண்டி உள்ளே திரும்பினால் இப்போது கோழிப்பண்ணைகள் நிறைய வந்திருக்கின்றன. பெருமாயியக்காவின் தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு வாடி நின்றது. அவர் மகன் கோபால் எங்களைப் பார்த்ததும் நாற்காலிகளை எடுத்துப் போட்டான். முப்பது வயதைத் தாண்டியவன், குணமான பையன்தான்.

“அம்மா சொல்லுச்சுங்க, நீங்க வந்து மாத்திச் சொல்லுவீங்கன்னு.”

“மாத்திச் சொல்லலை கோபால். நான் சொன்னது பாதிதான் உங்ககிட்ட வந்திருக்கு. மீதியைக் காட்டறேன்.”

மண்டபத்தில் கைபேசியில் எடுத்தவரிடம் முழுப் பதிவையும் கேட்டு வாங்கியிருந்தேன். கவிதா எனக்கென்று ஒரு இணையதளம் அமைத்துக் கொடுத்து அதில் ஏற்றியிருந்தாள். என் பேச்சு என் இடத்தில், வெட்டாமல். அதைக் காட்டினேன். கோபால் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தான். பிறகு கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

“அவுங்க போட்டதுலயும் நீங்கதான் பேசறீங்க, இதுலயும் நீங்கதான் பேசறீங்க. எது வெட்டுனது, எது ஒட்டுனதுன்னு நானெப்புடிங்க கண்டுபுடிக்கறது?”

என் பேச்சை நானே பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். நம்பிக்கை போன பிறகு, எந்த இடத்தில் வைத்திருந்தால் என்ன?

“வேலிக்கு அந்தப் பக்கம் உங்க பெரியப்பா கிணறு இருக்கு, போன மழைக்கு மறுபடி கொஞ்சம் ஊறியிருக்கு. அதையாவது யோசிங்க” என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. “அவுங்களப் பத்திப் பேசாதீங்க மேடம். குடிக்கத் தண்ணி குடுக்காதவங்க அவுங்க. நா சின்னப் பையனா இருக்கறப்ப, எங்கம்மா ரோட்டத் தாண்டிப் போயித்தான் தண்ணி கொண்டாந்துச்சு. அவுங்க கெணத்துக்காக நா எதுக்குங்க பாக்கோணும்?”

பெருமாயியக்கா அதுவரை மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“குடுக்கலன்னு யாருடா சொன்னா?”

“அப்பாதான் சொன்னாரு.”

“அவுங்க குடுக்காம இல்ல கோபாலு. நாமதான் கேக்கப் போகல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? அவுங்க கெணறு எதனால வத்துச்சுன்னு நெனச்ச? நம்ம போருனால. உங்கப்பன் போட்ட போருனால. டேப்ப உட்டு அளந்தப்ப நா பொறத்தால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

கோபால் என்னைப் பார்த்தான். “நெசமுங்களா?”

“நெசம்தான். டேப்பைப் பிடிச்சிருந்தது நான்.”

அவன் தன் அம்மாவிடம் திரும்பினான். “இத்தன வருசமா ஏம்மா சொல்லல?”

“உங்கப்பன் இருக்கறப்ப அவரு காதுல உழுகக் கூடாதுன்னு இருந்தேன். போன பொறவு, செத்தவரப் பத்தி மவன்கிட்டச் சொல்லறதான்னு இருந்துட்டேன். இந்த அம்மணி பேசறதக் காமிச்சு நீ குதிக்காட்டி, இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்.”

கோபால் எழுந்து வேலியோரம் போய் நின்றான். எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அங்கிருந்தே யாரையோ கைபேசியில் அழைத்துப் பேசுவது கேட்டது. “வண்டி வேண்டாமுங்க... இல்லீங்க, அடுத்த வாரமும் வேண்டாமுங்க.”

திரும்பி வந்து, “அப்ப மாட்டுக்கு நா என்னதான் பண்றது, அதச் சொல்லுங்க” என்றான் கோபமாகவே. அது நியாயமான கோபம். தண்ணீர் எடுக்காதே என்று சொல்வது எளிது. கவிதா அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தூர்ந்த பழைய கிணற்றைப் பார்த்தாள். தூர் எடுத்து, மேட்டுக்காட்டில் ஓடி வீணாகிற மழைத்தண்ணீரைத் திருப்பி விட்டால் ஓரளவு தேறும் என்றாள். மழை பெய்ய வேண்டும், அதற்கு அவளும் உறுதி சொல்லவில்லை. பெரியப்பா கிணற்றில் முறை வைத்து இறைத்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னதும் அவன் மாட்டுத் தொட்டியைக் கழுவப் போய்விட்டான். போன வாரம் கவிதா அந்தப் பக்கம் போனபோது, இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் குழாய் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். யார் யாரிடம் போய்க் கேட்டார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அன்றைக்குக் கிளம்பும் முன் கவிதாவுக்கு ஒரு யோசனை வந்தது. “அம்மா, நீங்க இப்ப சொன்னதை அப்படியே வீடியோ எடுத்துப் போடலாமா? மேடம் பேசறதைவிட நீங்க சொன்னா நிறையப் பேர் கேப்பாங்க.”

பெருமாயியக்கா சிரித்தார். “வேண்டாம் சாமி. போனுல போட்டா அது ஆரு ஊட்டுக்கெல்லாம் போவுமோ, என்னன்னு போவுமோ. கேக்கோணும்னு இங்க வாரவங்களுக்கு நானே சொல்லிக்கறேன்.”

கவிதா என்னை எழுதச் சொன்னாள், இளையவர்கள் சாரைப் பார்த்ததில்லை, அவர் எப்படி ‘வேண்டாம்’ சொன்னார் என்றாவது தெரிந்துகொள்ளட்டும் என்று. எழுதி முடித்ததும் பெருமாயியக்காவைக் கூப்பிட்டேன். உங்கள் கதை இதில் வருகிறது, நீங்கள் சரி என்றால்தான் என் தளத்தில் போடுவேன் என்றேன். முழுவதும் படிக்கச் சொன்னார். தொலைபேசியிலேயே மெல்லப் படித்தேன். நடுவில் ஒரு தரம் மாடு கத்தியது, இருங்க என்று போய்விட்டு வந்தார். பழனிசாமி மோட்டார்க் கொட்டகை வாசலில் நின்ற இடம் வந்தபோது இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“எங்க ஊருப் பேரு வேண்டாம். எங்க பேரெல்லாம் மாத்திப்போடுங்க. மத்ததெல்லாம் நடந்ததுதான், இருக்கட்டும்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “ஒரே ஒரு எடத்த மட்டும் எடுத்துப்போடுங்க அம்மணி.”

எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை.

எடுத்துவிட்டேன்.